தண்ணீர் வடிந்துவிட்டது என்று யார் சொன்னது?

2022 மழையில் தளியில் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. முழங்காலுக்குச் சற்றுக் கீழே. இரண்டு இரவு, ஒரு பகல் நின்றது. தெருக்கோடியில் கால்வாய் அடைத்துக்கொண்டதுதான் காரணம். வெள்ளம் என்று வெளியில் சொல்லிக்கொள்ளக்கூட லாயக்கில்லாத வெள்ளம். எந்த டிவிக்காரரும் வரவில்லை. மூன்றாம் நாள் பக்கத்துத் தோட்டத்து மோட்டாரைக் கடன் வாங்கி இறைத்துவிட்டோம். சேற்றை வழித்தோம், பினாயில் ஊற்றினோம், ஃபேனை ஐந்தில் வைத்தோம். பத்து நாளில் சுவர் பார்க்கக் காய்ந்துவிட்டது. மூன்றாவது வாரம் நான் பெயிண்ட் அடித்தேன்.

சாதா பெயிண்ட் இல்லை. டப்பாவில் மழைத்துளி உருண்டு விழுகிற படம் போட்ட வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட். அதற்குக் கீழே இரண்டு கோட் பட்டி, ஒரு கோட் பிரைமர். தங்கச்சி நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் வரும்போது சுவரில் சேற்றுக்கோடு தெரியக்கூடாது.

அந்த வீட்டைக் கட்டிய மேஸ்திரி வந்து பார்த்தார். வீட்டில் தெலுங்கு, வேலையில் கன்னடம், எங்களிடம் தமிழ் பேசுகிறவர். தளியில் இது சாதாரணம். புறங்கையைச் சுவரில் வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார்.

"இன்னும் குளிருது தம்பி. தை, மாசி போகட்டும்."

"மேல காஞ்சிருச்சேண்ணா."

"மேல காயும். உள்ள எப்ப காயும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தேதி குறித்தாயிற்று என்று மட்டும் சொன்னேன். நான் சிவில் இஞ்சினியரிங் படித்தவன் என்பதை இந்த இடத்தில் வெட்கத்தோடு சொல்லிவிட வேண்டும். நான்கு வருடம் படித்துவிட்டு, எங்கள் பேட்ச்சில் பாதிப் பேரைப் போல பெங்களூருக்குப் போய் கோட் எழுத உட்கார்ந்தேன். படித்த நான்கு வருடத்தில் ஓதம் பற்றி எனக்குச் சொல்லித்தரப்பட்டது, அஸ்திவாரத்துக்கு மேலே ஓதத்தடுப்பு அடுக்கு போட வேண்டும் என்கிற இரண்டு மார்க் கேள்வி. தண்ணீர் சுவருக்குள் வராமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று படித்தோம். வந்துவிட்ட தண்ணீர் எப்படி வெளியே போகும் என்று ஒரு பக்கம்கூடப் படித்ததாக ஞாபகம் இல்லை.

நான்கு மாதத்தில் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. விரலால் அழுத்தினால் உள்ளேயிருந்து ஈரமான வெள்ளைப் பொடி கொட்டியது. பீரோவுக்குப் பின்னால் கறுப்பாகப் பூஞ்சை. அம்மாவுக்கு அந்த வருடம் இளைப்பு போகவே இல்லை. டாக்டர் முதலில் மருந்து எழுதினார், இரண்டாவது முறை வேறு மருந்து எழுதினார், மூன்றாவது முறைதான் "வீட்ல ஓதம் இருக்கா?" என்று கேட்டார். ஈரமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் ஆஸ்துமாவும் சுவாசக் கோளாறுகளும் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-லேயே தனி வழிகாட்டி நூல் போட்டிருக்கிறது. நான் அதைப் படித்தது அம்மாவுக்கு நெபுலைசர் வாங்கிய பிறகு.

இந்தக் கட்டுரை என் முட்டாள்தனத்தைப் பற்றியது மட்டும் என்றால் எழுதியிருக்க மாட்டேன். நான் செய்ததைத்தான் தமிழ்நாடே செய்கிறது. 2015-இல் சென்னை செய்தது, 2023-இல் மிக்ஜாமுக்குப் பிறகு மறுபடி செய்தது, அதே டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டிய பிறகு தென்மாவட்டங்களும் செய்தன. தண்ணீர் வடிந்த நாளை நாம் துயரம் முடிந்த நாளாக எண்ணிக்கொள்கிறோம். மோட்டார் நின்றதும் கேமராவும் நின்றுவிடுகிறது. அடுத்த செய்தி, "இயல்பு நிலை திரும்பியது." சுவரைக் கேட்டுவிட்டா சொன்னார்கள்?

செங்கல்லும் சிமெண்ட் பூச்சும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளால் ஆனவை. விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல அவை தண்ணீரை இழுக்கும். அதனால்தான் வெள்ளம் நின்ற கோட்டுக்கு மேலேயும் ஓரடி, ஒன்றரை அடி வரை சுவர் நனைந்திருக்கும். காய்வது இரண்டு கட்டமாக நடக்கிறது. முதல் கட்டத்தில் உள்ளே இருக்கும் நீர் திரவமாகவே சுவரின் மேல்பரப்புக்கு வந்து ஆவியாகும். இது வேகமாக நடக்கும், கண்ணுக்கும் தெரியும். ஒரு கட்டத்தில் மேல்பரப்புக்கும் உள்ளிருக்கும் நீருக்கும் இடையிலான தொடர்பு அறுந்துபோகும். அதன்பிறகு நீர் உள்ளேயே ஆவியாகி, அந்த ஆவி துளைத்துளையாக ஊர்ந்து வெளியே வர வேண்டும். இது ரொம்ப மெதுவாக நடக்கும். மேல்பரப்பு வெளுத்துக் காய்ந்ததுபோலத் தெரிவது இந்த இரண்டாம் கட்டம் தொடங்கும்போது. சரியாக அந்த நேரத்தில்தான் நாம் பட்டிக் கரண்டியோடு வந்து நிற்கிறோம்.

கட்டடக்காரர்களிடம் ஒரு பழைய உத்தேசக் கணக்கு உண்டு: சுவரின் தடிமனில் ஓர் அங்குலம் காய ஒரு மாதம். கறாரான கணக்கல்ல. இரண்டு பக்கமும் காற்றுப்பட்டால் குறையும், மழை தொடர்ந்தால் கூடும். ஆனால் ஒன்பது அங்குலச் சுவருக்கு நாம் தரும் மூன்று வாரம் எந்தக் கணக்கிலும் வராது.

சுவருக்குள் இருப்பது வெறும் தண்ணீர் என்றால்கூடப் பரவாயில்லை. செங்கல்லில் இருக்கும் உப்பு, சிமெண்டில் இருக்கும் உப்பு, சாக்கடை கலந்து வந்திருந்தால் அதிலிருந்து நைட்ரேட், எல்லாம் அதில் கரைந்திருக்கும். சுவர் திறந்திருந்தால் நீர் வெளியேறி, உப்பு மேலே வெள்ளையாகப் பூக்கும். துடைப்பத்தால் தட்டிவிடலாம். மேலே பிளாஸ்டிக் தோல்போல ஒரு பெயிண்டை ஒட்டிவிட்டால் உப்பு அதற்குப் பின்னால் படிகமாகும். படிகம் வளர இடம் வேண்டும். பூச்சை உடைத்துக்கொண்டு வளரும். எங்கள் வீட்டுக் கொப்புளத்துக்குள்ளே இருந்த வெள்ளைப் பொடி அதுதான். மழை உள்ளே வராமல் தடுக்கும் பெயிண்ட், ஏற்கெனவே உள்ளே இருக்கும் மழையை வெளியே விடாமலும் தடுக்கும். இந்தச் சின்ன விஷயத்தை டப்பாவின் மேல் அந்த மழைத்துளிப் படத்தின் அளவுக்குப் பெரிதாக யாரும் போடுவதில்லை. பெயிண்ட் வியாபாரத்துக்கு வெள்ளத்துக்கு அடுத்த மாதம் அறுவடை மாதம்.

"இதெல்லாம் யாருக்குத் தெரியும்?" என்று கேட்பீர்கள். தெரிய வேண்டியவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அதே 2022 செப்டம்பரில் பெங்களூர் வெளிவட்டச் சாலை மூழ்கியது. ஐ.டி. ஊழியர்கள் டிராக்டரில் ஆபீஸுக்குப் போன படங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள், மீம் போட்டிருப்பீர்கள். எங்கள் ஆபீஸின் தரைத்தளத்திலும் தண்ணீர். வடிந்த மறுநாளே ஒரு குழு வந்தது. நனைந்த கார்ப்பெட் முழுவதையும் கிழித்து எறிந்தார்கள். ஜிப்சம் தடுப்புகளை நீர்க்கோட்டுக்கு மேலே இரண்டடி வரை நேராக அறுத்து எடுத்தார்கள். ஈரப்பதத்தை உறிஞ்சும் டீஹியூமிடிஃபையர்களை வரிசையாக வைத்து, ஜன்னல்களை அடைத்து, இரவு பகலாக ஓடவிட்டார்கள். தினமும் ஒருவர் இரண்டு முள் வைத்த ஈரமானியைச் சுவரில் குத்திப் பார்த்து ஒரு தாளில் எண்களை எழுதினார். எண் இறங்காதவரை யாரும் பெயிண்ட் டப்பாவைத் திறக்கவில்லை. ஏழு வாரம் அந்தத் தளம் மூடியே இருந்தது. நாங்கள் வீட்டிலிருந்து வேலை பார்த்தோம், சம்பளம் வந்தது.

அந்த ஏழு வாரத்தில் மூன்றாவது வாரம்தான் நான் தளியில் வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தொழிலில் சர்வர் திரும்ப எழுந்துவிட்டது என்பதற்காக யாரும் டிக்கெட்டை மூடிவிட மாட்டோம். என்ன நடந்தது, எது இன்னும் சரியாகவில்லை என்று எழுதி, ஒரு மாதம் கண்காணித்து, அப்புறம்தான் மூடுவோம். அம்மா தூங்குகிற அறைக்கு எனக்கு அந்தப் பொறுமை வரவில்லை.

இப்போது அரசின் கணக்கைப் பார்க்கலாம். பேரிடர் நிவாரண நிதிக்கு மத்திய அரசு 2022 முதல் 2026 வரை வகுத்த அளவுகோலில், சமவெளியில் முழுதாக இடிந்த வீட்டுக்கு 1,20,000 ரூபாய். பகுதியாகச் சேதமான கான்கிரீட் வீட்டுக்கு 6,500 ரூபாய், அதுவும் குறைந்தது 15 சதவீதம் சேதம் ஆகியிருந்தால். வி.ஏ.ஓ. வந்து பார்ப்பார். சுவர் நிற்கிறதா? நிற்கிறது. கூரை இருக்கிறதா? இருக்கிறது. அப்போ சேதம் இல்லை. ஊறிப்போய் நிற்கும் சுவருக்கு அந்தப் படிவத்தில் கட்டமே கிடையாது. அவர் வருவதோ தண்ணீர் வடிந்த முதல் வாரம். சுவரின் நோய் வெளியே தெரிவது மூன்றாம், நான்காம் மாதம்.

நிற்கிற சுவர் நல்ல சுவர் என்று நம்புவதற்கு நாம் கொடுத்த விலை தெரியும். 2019 டிசம்பர் 2 அதிகாலை, மேட்டுப்பாளையம் நடூரில், மழையில் ஊறிய ஓர் உயர்ந்த சுற்றுச்சுவர் அருந்ததியர் வீடுகளின் மேல் சரிந்து 17 பேர் இறந்தார்கள். அது தீண்டாமைச் சுவர் என்று அங்கிருந்தவர்கள் சொன்னார்கள், அந்த விவாதம் இங்கே ஒரு பத்தியில் அடங்காது. நான் சொல்ல வருவது சின்ன விஷயம். டிசம்பர் 1-ஆம் தேதி சாயங்காலம் ஓர் அதிகாரி படிவத்தோடு போயிருந்தால், அந்தச் சுவருக்கு நேரே "சேதம் இல்லை" என்றுதான் எழுதியிருப்பார்.

எங்கள் மாவட்டத்தின் மறுகோடியில், ஊத்தங்கரையில், 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மழை ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியது. ஏரித் தண்ணீர் சாலையில் பாய்ந்து, நிறுத்தியிருந்த வேன்களையும் கார்களையும் உருட்டிக்கொண்டு போன வீடியோ நாடு முழுக்க ஓடியது. பொங்கலுக்கு முன்னால் அந்தப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். தெருவுக்குத் தெரு புதுப் பெயிண்ட். இளம்பச்சை, ரோஸ், மஞ்சள். ஆறு வாரம்கூட ஆகவில்லை. பொங்கலுக்கு வெள்ளையடிக்காமல் இருப்பது நம் ஊரில் அபசகுனம், புரிகிறது. ஆனால் வெள்ளையடித்தல் என்று அந்தக் காலத்தில் சொன்னது சுண்ணாம்பை. சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். சொல் அப்படியே இருக்க, டப்பாவுக்குள் இருக்கும் சரக்கு மாறிவிட்டது.

உடனே சிலர் உற்சாகமாகிவிடுவார்கள். பார்த்தீர்களா, பாட்டன் பூட்டன் கட்டிய சுண்ணாம்பு வீடு, கடுக்காய்ச்சாறு, கருப்பட்டி, மண் வீடு என்று கிளம்புவார்கள். அவர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. இரண்டு நாள் தண்ணீரில் நின்றால் மண் சுவர் மூச்சு விடாது, உட்கார்ந்துவிடும். ஒவ்வொரு மழைக்கும் மண் சுவர் இடிந்து செத்தவர்கள் என்று பேப்பரில் நான்கு வரிச் செய்தி வருகிறதே, அதில் வருகிறவர்கள் பண்ணை வீடு கட்டி ரீல்ஸ் போடுகிறவர்கள் அல்ல. தளியைச் சுற்றி இன்று எழும்புவது பெரும்பாலும் சிமெண்ட் பிளாக் வீடுகள். ஹாலோ பிளாக் என்றால் ஒவ்வொரு கல்லுக்குள்ளும் ஒரு பொந்து. வெள்ளத்தில் அந்தப் பொந்துகளில் தண்ணீர் தேங்கும், வெளியே ஒன்றும் தெரியாது. அடிவரிசைக் கல்லில் துளைபோட்டு வடித்துவிட வேண்டும். அரை மணி நேர டிரில்லிங் வேலை. இதைச் சொல்ல ஒரு வீடியோவையும் காணோம்.

காயவைப்பதற்கு என்று ஒரு முறையே உலகத்தில் இல்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 1966 நவம்பர் 4 அன்று இத்தாலியின் ஃப்ளோரன்ஸ் நகருக்குள் ஆர்னோ ஆறு புகுந்தது. சாந்தா க்ரோச்சே பகுதியில் சில இடங்களில் ஆறு மீட்டருக்கு மேல் தண்ணீர். அங்கே நனைந்த மரப்பலகை ஓவியங்களை அவர்கள் வெயிலில் தூக்கிப் போடவில்லை. வேகமாகக் காய்ந்தால் மரம் சுருங்கி, மேலே இருக்கும் வண்ணம் உரிந்துவிடும். அரண்மனைத் தோட்டத்தில் எலுமிச்சைச் செடிகளைக் குளிரிலிருந்து காக்கக் கட்டிய ஒரு பெரிய கூடத்துக்குக் கொண்டுபோய், காற்றின் ஈரத்தை வேண்டுமென்றே அதிகமாக வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். சுவரோவியங்களில் பூத்த உப்புக்கு என்ஸோ ஃபெரோனி என்ற வேதியியல் பேராசிரியரும் டீனோ டீனி என்ற ஓவியச் சீரமைப்பாளரும் சேர்ந்து பேரியம் சேர்மத்தை வைத்து ஒரு சிகிச்சையே உருவாக்கினார்கள். வஸாரி வரைந்த 'கடைசி இராவுணவு' பலகை ஓவியம் 12 மணி நேரத்துக்கு மேல் தண்ணீரில் கிடந்தது. அது திரும்பவும் மாட்டப்பட்டது 2016-இல். 50 வருடம் காத்திருந்தார்கள்.

ஓவியத்துக்கும் ஓட்டு வீட்டுக்கும் ஒப்பீடா என்று கேட்கலாம். ஓவியத்துக்குள் யாரும் குடியிருப்பதில்லை, அதனால் காத்திருக்க முடிந்தது. வீடு காய வேண்டும் என்றால் ஆட்கள் வேறெங்காவது இருக்க வேண்டும். காத்திருக்கச் செலவாகும். என் வாதத்துக்கு வரக்கூடிய நேர்மையான மறுப்பு இது ஒன்றுதான்: "ஒன்பது மாசம் காயட்டும்னு சொல்றீங்க, அதுவரைக்கும் எங்க போறது சார்?" ஓசூர் சிப்காட் பக்கம் லைன் வீட்டில் இருக்கும் ஒருவர் என்னிடம் இதைக் கேட்டார். ஒடிசாக்காரர், ஆறு வருடத்தில் தமிழ் சரளமாகிவிட்டது. பத்துக்குப் பத்து அறை, நான்கு பேர், ஒரே ஜன்னல். தண்ணீர் வந்து வடிந்த பிறகு அந்த வீட்டுக்காரர் பெயிண்ட் அடித்துத் தந்தார், வாடகையில் ஒரு ரூபாய் குறைக்கவில்லை. காலி செய்யும்போது அட்வான்ஸில் ஒரு மாத வாடகையை "பெயிண்டிங் சார்ஜ்" என்று பிடித்துக்கொள்வதும் இந்தப் பக்கத்து வழக்கம். ஈரத்தைச் சுவாசித்துக்கொண்டு இருந்தவரே, அந்த ஈரத்தை மூடி மறைக்கும் பெயிண்டுக்கும் காசு தர வேண்டும்! தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம், 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது, சுவருக்கு வெள்ளையடிப்பதை வீட்டுக்காரர் பொறுப்புப் பட்டியலில் வைத்திருக்கிறது. எந்த லைன் வீட்டில் யார் அந்தப் பட்டியலைப் படித்தார்கள்?

அவருக்கு நான் சொல்லக்கூடிய பதிலை அரசுதான் சொல்ல வேண்டும். நிவாரணம் என்பது முதல் வாரத்துப் பணமும் அரிசியும் மட்டுமில்லை. மிக்ஜாமுக்குப் பிறகு குடும்ப அட்டைக்கு 6,000 ரூபாய் தந்தார்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சுவருக்குத் தேவை காலம். காலத்தை வாங்கித் தருவது எப்படி என்று ஒரு துறையாவது யோசித்திருக்கிறதா? விவசாயிகளுக்கு வேளாண் பொறியியல் துறை டிராக்டரையும் ஜே.சி.பி.யையும் 'இ-வாடகை' செயலியில் வாடகைக்குத் தருகிறது. நல்ல திட்டம். அதேபோல தாலுகாவுக்கு இருபது டீஹியூமிடிஃபையர், இருபது பெரிய ஃபேன், பத்து ஈரமானி வாங்கி வைக்க எந்தச் சட்டம் தடுக்கிறது? வெள்ளம் புகுந்த வீட்டை வி.ஏ.ஓ. மூன்றாவது மாதம் ஒருமுறை, ஆறாவது மாதம் ஒருமுறை திரும்ப வந்து பார்த்து, ஈரத்தை எண்ணாக எழுத வேண்டும் என்று ஓர் அரசாணை போட எவ்வளவு செலவாகும்? எண் இறங்கும்வரை லைன் வீட்டுக்குப் பாதி வாடகை என்று ஒரு வரி சேர்த்தால் போதும், வீட்டுக்காரர்களே சுவரைக் காயவைக்க ஓடுவார்கள்.

அதுவரை நம் கையில் இருப்பவை சில உண்டு. தளி மாதிரி மூவாயிரம் அடிக்கு மேலே இருக்கும் ஊரில் மார்கழிப் பனியில் ஜன்னலை ராத்திரி முழுக்கத் திறந்து வைத்தால் ஈரம் வெளியே போவதற்குப் பதில் உள்ளே வரும். வெயில் ஏறிய பிறகு, பத்து மணிக்குத் திறந்து, நாலு மணிக்குச் சாத்துங்கள். கட்டில், பீரோ எல்லாவற்றையும் சுவரிலிருந்து அரையடி நகர்த்துங்கள். தட்டினால் பொள்ளென்று சத்தம் வரும் பூச்சை நீர்க்கோட்டுக்கு மேலே ஓரடி வரை கொத்தி எடுத்துவிட்டு, அசிங்கமாக இருந்தாலும் செங்கல்லை அப்படியே காட்டி வையுங்கள். உப்பு பூத்தால் உலர்ந்த பிரஷால் தட்டுங்கள், தண்ணீர் விட்டுக் கழுவினால் அது திரும்ப உள்ளே போய்விடும். ஈரமானி இல்லையா, ஒன்றரை அடிச் சதுரத்தில் பிளாஸ்டிக் ஷீட்டை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டுங்கள். கான்கிரீட் தரையில் ஈரம் பார்க்க இஞ்சினியர்கள் இப்படித்தான் 16 மணி நேரம் விட்டுப் பார்ப்பார்கள், சுவருக்கு ஒரு முழு நாள் விடலாம். பிரிக்கும்போது உள்பக்கம் வேர்த்திருந்தால், மாப்பிள்ளை வீட்டார் வந்தாலும் சரி, மந்திரி வந்தாலும் சரி, பெயிண்ட் கிடையாது.

2023 கோடையில் மேஸ்திரியை மறுபடி கூப்பிட்டேன். நான் அடித்த பெயிண்ட், பட்டி, பூச்சு எல்லாவற்றையும் இடுப்பளவுக்குக் கொத்தி எடுத்தோம். உள்ளே செங்கல் கறுத்து, தொட்டால் சில்லென்று இருந்தது. அவர் ஒரு வார்த்தை சொல்லிக்காட்டவில்லை. சித்தாள் அம்மா மட்டும் "இதுக்கா தம்பி அவ்ளோ காசு போட்டு மூடுனீங்க?" என்று கேட்டார். அந்தச் சுவரை ஒரு வருடம் அப்படியே விட்டோம். சொந்தக்காரர்கள் வந்தால் முகம் சுளிப்பார்கள். வீட்டுக்கு ஏதோ பணக்கஷ்டம் என்று ஊரில் பேச்சு. தங்கச்சியின் மாமியார் ஒருமுறை நேரிலேயே கேட்டுவிட்டார். அம்மாதான் பதில் சொன்னாள்: "காயுதுங்க சம்பந்தி. அதுக்குன்னு ஒரு நேரம் வேணும்ல."

2024 மே மாதம் பிளாஸ்டிக் ஷீட்டை ஒட்டினேன். மறுநாள் பிரித்தபோது ஒரு ஓரத்தில் மட்டும், நகக்கண் அளவுக்கு, வேர்த்திருந்தது. இன்னொரு கோடை விட்டுவிட்டோம்.